அடுப்பும் அருளும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று ஓவியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலைத் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். உள்ளபடி சொல்வதானால் இந்த விஷயத்தைப் பேச நம்மிடம் எந்தப் பட்டமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது கொஞ்சம். கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், கேட்டதையெல்லாம் சந்தேகித்தும் தெரிந்து கொண்டதே அதிகம். ஆகையால் நாம் சொல்வதை நீங்கள் ஒப்புக் கொள்ள வேண்டுமென்ற கட்டாயம் சிறிதும் இல்லை. கேளுங்கள், உங்கள் அறிவில் வைத்து உரசிப் பாருங்கள், சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

என்ன பேசுவது என்ற யோசனையோடுதான் மாலையில் இங்கே வந்து சேர்ந்தோம். வந்தவுடன் விஷயம் தானாகவே கிடைத்து விட்டது. இந்தக் கட்டடத்தின் உள்சுவரில் அச்சடித்த படமொன்று மாட்டியிருக்கிறது. அதிலே மனிதன் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. நீலம், மஞ்சள், சிவப்பு, குறுக்கும் நெடுக்குமாய்க் கறுப்புக் கோடுகள், இவ்வளவுதான். கீழே காண்டின்ஸ்கி என்று பெயர். இம்மாதிரியானவற்றை அரூப ஓவியம் என்று சொல்கிறார்கள். அதன் எதிரே இரண்டு பேர் வாதாடிக் கொண்டிருந்தார்கள். ஒருவர், "இது வெறும் கிறுக்கல், என் பேரன் இதைவிட நன்றாய்க் கிறுக்குவான்" என்றார். மற்றவர், "அப்படிச் சொல்லாதீர்கள், தெய்வ அருள் பெற்றவன் போட்ட படம், அருள் பெற்றவனுக்குத்தான் விளங்கும்" என்றார்.

இந்த வாதத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கேட்டுக் கொண்டு நின்றான். செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு தோழருடைய மகன். கையில் ஒரு நோட்டு. அது நிறையப் படங்கள். அருள் என்று சொன்ன பெரியவர் அந்த நோட்டைப் பார்த்து விட்டு, "தம்பி, இதெல்லாம் பிறவியிலே அருள் இருந்தால்தான் வரும். நீ உங்கப்பன் தொழிலைக் கத்துக்கிற வழியைப் பார்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னாரென்று நாம் நினைக்கவில்லை. அன்பாகவே சொன்னார். ஆனால் பையன் நோட்டை மூடி இடுப்பில் செருகிக் கொண்டான்.

தோழர்களே! அந்த நோட்டை மூடச் செய்தது ஒரு வார்த்தை. "அருள்" என்ற அந்த ஒரே வார்த்தையைத்தான் இன்று விசாரிக்கப் போகிறோம். அந்தப் படத்தைப் போட்டவரையே சாட்சியாக அழைத்து விசாரிப்போம். அவருக்கு அந்தத் தூண்டுதல் ஆகாயத்திலிருந்து வந்ததா, அல்லது ஏதேனும் ஒரு வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

வாசிலி காண்டின்ஸ்கி என்பவர் 1866-ல் ருஷியாவில் மாஸ்கோ நகரில் பிறந்தவர். தகப்பனார் தேயிலை வியாபாரி, வசதியான குடும்பம். பிள்ளை மாஸ்கோ சர்வகலாசாலையில் சட்டமும் பொருளாதாரமும் படித்தார். சித்திரக்காரராக வேண்டுமென்று அவரை யாரும் வளர்க்கவில்லை. 1889-ல், அவருக்கு 22 வயதாயிருக்கும்போது, மனித இனங்களின் பழக்க வழக்கங்களை ஆராய்கிற ஒரு சங்கத்தார் அவரை வடக்கேயுள்ள வோலொக்டா மாகாணத்துக்கு அனுப்பினார்கள். குடியானவர்கள் குற்றங்களுக்கு எவ்விதம் தண்டனை கொடுக்கிறார்கள் என்பதையும், ஸீரியன் என்றும் கோமி என்றும் சொல்லப்படுகிற ஜனங்களிடையே மிஞ்சியிருக்கும் பழைய நம்பிக்கைகள் என்ன என்பதையும் கேட்டு எழுதி வருவது அவருடைய வேலை. ரயிலிலும், பிறகு ஸுகோனா ஆற்றில் நீராவிப் படகிலும், அதன் பிறகு காட்டு வழியில் வண்டியிலும் போனார். ஆகவே, அவர் போனது சட்டம் எழுத. படம் எழுத அல்ல.

அங்கே அவர் ஒரு குடியானவன் வீட்டுக்குள் நுழைந்தார். அந்த நிமிஷத்தைப் பற்றி 1913-ல் அவரே தம்முடைய பழைய நினைவுகளில் எழுதியிருக்கிறார். மரத்தால் கட்டிய பெரிய வீடு. சித்திர வேலை செய்த பலகைகள். உள்ளே மேஜை, பெட்டி, பலகை, அலமாரி, அடுப்பு ஆகிய எல்லாவற்றின் மேலும் வண்ணங்கள், பூக்கள், கொடிகள். சுவரில் வீரர் கதைப் படங்கள். ஒரு மூலையில் சாமி படங்கள், அதற்கெதிரே சிறிய சிவப்பு விளக்கு. வாசற்படியிலேயே அவர் திகைத்து நின்று விட்டாராம். ஒரு படத்தை எதிரே நின்று பார்ப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை, படத்துக்குள்ளேயே தாம் நுழைந்து விட்டதாகவும், நாற்புறமும் அது தம்மைச் சூழ்ந்து கொண்டதாகவும் தோன்றிற்று என்று சொல்கிறார். பார்க்கிறவன் உள்ளே புகுந்து உலாவும்படியான படத்தை எழுத வேண்டுமென்று பின்னால் பல வருஷங்கள் அவர் பாடுபட்டதற்கு அந்த வீடுதான் முதல் பாடம் என்பது அவருடைய வாக்குமூலம்.

இப்போது அந்த வீட்டை நாமும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். குளிர் காலத்தில் சில நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரையில் போகிற தேசம் அது. அங்கே அடுப்பு என்றால் நம் வீட்டு மூன்று கல் அல்ல. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய ஒரு பெரிய மேடை. சிறு வீடுகளில் கால் பங்கு இடத்தை அதுவே அடைத்துக் கொள்ளும். காலையில் ஒரு தரம் விறகு போட்டு எரித்தால், அந்தக் கனத்த செங்கல் சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு வெகு நேரம் மெதுவாக வெளியே விடும். ரொட்டி அதிலே வேகும், கஞ்சி அதிலே கொதிக்கும், நனைந்த துணி அதிலே காயும். கிழவர்களும் குழந்தைகளும் அதன் மேலே ஏறிப் படுத்துக் கொள்வார்கள். ஆகவே குடும்பம் ஒன்றாய்க் கூடியிருந்தது எதனால் என்றால், அடுப்பு ஒன்றாக இருந்ததனாலேயே ஆகும்.

அந்த அடுப்புக்கு நேர் எதிர் மூலையில் இருப்பதுதான் சாமி மூலை. அதற்குச் சிவப்பு மூலை என்று பெயர். சிவப்பு என்பதைக் குறிக்கும் ருஷியச் சொல்லுக்கு முற்காலத்தில் அழகு என்றும் பொருள் உண்டு. வீட்டுக்காரன் அந்தச் சாமி படங்களின் அடியில் கௌரவமான இடத்தில் உட்காருவான். பெண்களின் இடமோ அடுப்பு வாய்க்கு எதிரே உள்ள ஒதுக்கு. சாமிக்கும் ஆணுக்கும் ஒரு மூலை. நெருப்புக்கும் பெண்ணுக்கும் இன்னொரு மூலை! தாய்மார்களே, ருஷியாவில் இருந்தாலும் சங்கதி உங்களுக்குப் புதிதாய் இராது என்று நினைக்கிறோம்.

நாம் கேட்பது இதுதான்: அந்த வீட்டில் உயிரைக் காப்பாற்றினது எந்த மூலை? சாமி மூலையில் விளக்கை அணைத்து விட்டால் வீடு கொஞ்சம் இருட்டாகும், அவ்வளவே. அடுப்பை ஒரு வாரம் அணைத்து விட்டாலோ விடிந்து எழுந்திருக்க ஆள் இருக்கமாட்டார்கள். அந்த ஜனங்களும் இதை அறியாதவர்களல்ல. அடுப்புக்குப் பின்னால் வீட்டுத் தெய்வம் ஒன்று குடியிருப்பதாக அவர்கள் நம்பினார்கள். வேறு வீட்டுக்குக் குடி போகும்போது பழைய அடுப்பின் தணலைப் பானையில் எடுத்துக் கொண்டு போய்ப் புது அடுப்பில் இடுவார்கள். அதோடு அந்தத் தெய்வமும் வந்து விடும் என்பது எண்ணம். நன்றாய் யோசித்துப் பாருங்கள். தெய்வம் வந்து நெருப்பைக் கொண்டு வந்ததா, அல்லது நெருப்பினால் கிடைத்த நன்மையைப் பார்த்து மனிதன் அதற்குள்ளே ஒரு தெய்வத்தைக் கற்பித்துக் கொண்டானா? பானையில் இருந்தது தணல். தெய்வம் என்பது அதற்கு வைத்த பெயர்.

இது நிற்க. "காண்டின்ஸ்கியே ஆன்மிகம் பேசினவர்தானே? நீர் எப்படி அவரை உமது பக்கம் இழுக்கிறீர்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை மறைத்து விட்டுப் போவது யோக்கியமாகாது. அவர் கிறிஸ்து மதத்தில் நம்பிக்கையுள்ளவர். 1911 டிசம்பரில் மூனிச் நகரில் வெளியான அவருடைய புத்தகத்தின் பெயரே "கலையில் ஆன்மிகம்" என்பது பற்றியது. அதில் பிளாவட்ஸ்கி அம்மையாரையும் பிரம்மஞான சபையையும் மரியாதையோடு குறிப்பிடுகிறார். அந்தச் சபைக்கு 1882 முதல் தலைமை இடம் வேறெங்குமல்ல, நம்முடைய சென்னை அடையாறுதான். அன்னி பெசண்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் சேர்ந்து, மனிதனுடைய எண்ணங்களுக்கு வடிவமும் நிறமும் உண்டென்றும், ஞானக் கண் உள்ளவர்களுக்கு அது தெரியுமென்றும் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார்கள். அதன் ஜெர்மன் பதிப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்ததை ஆராய்ச்சிக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். அடையாற்றுக் காற்று மூனிச் வரையில் வீசியிருக்கிறது என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

ஆனால் ஒரு மனிதன் தனக்கு ஒன்று எங்கிருந்து வந்தது என்று சொல்லும் காரணம் வேறு. அது உண்மையில் வந்த வழி வேறு. நல்ல விளைச்சல் கண்ட குடியானவன் சாமி கொடுத்தது என்று சொல்கிறான்; எரு போட்டதும், களை பறித்ததும், தண்ணீர் பாய்ச்சினதும் அவன் கைகள். ஆகையால் காண்டின்ஸ்கி தத்துவம் பேசின புத்தகத்தை ஒரு பக்கமும், நடந்ததைச் சொன்ன நினைவுகளை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். நடந்ததைச் சொல்லும் இடத்தில் என்ன இருக்கிறது?

ஒன்று, நாம் சொன்ன அந்தக் குடியானவன் வீடு. இரண்டு, மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சுப் படக்காட்சி. அங்கே மோனே என்பவர் எழுதிய வைக்கோற்போர் படத்தைப் பார்த்தார். அது வைக்கோற்போர் என்பதே அவருக்கு விளங்கவில்லை. ஜாபிதாவைப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டார். ஆனாலும் படம் மனத்தை விட்டு நீங்கவில்லை. பொருள் தெரியாவிட்டாலும் வண்ணமே ஆளை இழுக்கிறதே என்ற சந்தேகம் அங்கே முளைத்தது. மூன்று, மூனிச்சில் ஒரு நாள் அந்தி வேளையில் வீட்டுக்குத் திரும்பினபோது சுவரோரம் அதிசயமான படம் ஒன்று இருக்கக் கண்டார். வண்ணமும் வடிவமும் தவிர வேறொன்றும் அதில் புரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் அவரே எழுதிய படம். பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொருள்களின் உருவம்தான் தம் படங்களைக் கெடுக்கிறது என்று அன்று அவருக்குப் பட்டது.

வீடு, வைக்கோற்போர், சாய்ந்து கிடந்த படம், இந்த மூன்றும் கண்ணால் கண்டவை. இதில் எது ஆகாயத்திலிருந்து விழுந்தது? படம் சாய்ந்து கிடப்பது எந்தச் சித்திரக்காரன் வீட்டிலும் நடக்கக் கூடியதே. அதைக் கண்டு ஏன் என்று கேட்கிற புத்தி அவரிடம் இருந்தது. அந்தப் புத்தியைப் பல வருஷ வேலை பழக்கி வைத்திருந்தது. 1896-ல், 30 வயதில், தோர்ப்பாத் சர்வகலாசாலை உத்தியோகத்தை வேண்டாமென்று தள்ளி விட்டு, மூனிச்சுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளையைப் போல் முதலிலிருந்து சித்திரம் கற்றுக் கொண்டவர் அவர்.

1913 நவம்பரில் அவர் "ஏழாவது அமைப்பு" என்ற பெரிய அரூபப் படத்தை எழுதினார். சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். எழுதி முடிந்தது 4 நாட்களில். உடனே அருள் கட்சியார், "பார்த்தீர்களா, நாலு நாளில் முடித்து விட்டார், அருள் இல்லாமல் முடியுமா?" என்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் எழுதிப் பார்த்த மாதிரிகள் 30-க்கு மேல் இருக்கின்றன. அந்த 4 நாட்களிலும் படம் வளர்ந்து வந்ததை அவரோடு வாழ்ந்த கப்ரியேலே மூன்ட்டர் என்ற அம்மையார் போட்டோ எடுத்து வைத்தார். முப்பது தரம் எழுதிப் பார்த்த பிறகு வருவதற்கு உழைப்பு என்று பெயர் வைக்காமல் அருள் என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

அந்த அம்மையாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரும் தேர்ந்த சித்திரக்காரர். 1909-ல் மூர்னாவ் என்ற மலையடிவார ஊரில் ஒரு வீடு வாங்கினார். அங்கே இருவரும் என்ன செய்தார்கள்? மேஜை நாற்காலிகளுக்கும், மாடிப் படிக்கட்டுக்கும் தங்கள் கையாலேயே பூக்களும் குதிரை வீரர்களும் எழுதினார்கள். 20 வருஷங்களுக்கு முன் வோலொக்டாவில் கண்ட வீட்டை அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே போதும். அவருடைய அரூப ஓவியங்கள் பிறந்தது அந்த வருஷங்களில்தான்.

1914-ல் யுத்தம் வந்தது. ருஷியரானதால் அவர் ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பின்னர் 1917-ல் வேறொரு பெண்ணை மணந்து கொண்டார். மூன்ட்டர் அம்மையாருக்கு அதில் மனக்காயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் ஹிட்லர் ஆட்சி வந்து, 1937-ல் மூனிச்சில் "இழிந்த கலை" என்று பெயர் வைத்து ஒரு காட்சி நடத்தி, காண்டின்ஸ்கி முதலானோர் படங்களை மாட்டி ஜனங்களைப் பரிகாசம் செய்யச் சொன்ன காலத்தில், அவருடைய படங்களை மூர்னாவ் வீட்டு நிலவறையில் மறைத்து வைத்துக் காப்பாற்றினவர் அந்த அம்மையாரே. 1957-ல் தம்முடைய 80-ஆவது பிறந்த நாளை ஒட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை மூனிச் நகரத்தாருக்கே கொடுத்து விட்டார். அந்தப் படங்களை எந்தச் சாமியும் காப்பாற்றவில்லை. ஒரு பெண்பிள்ளையின் துணிவும் ஒரு வீட்டின் நிலவறையும் காப்பாற்றின.

அரூப ஓவியத்துக்கு முதல்வர் காண்டின்ஸ்கிதான் என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். அதுவும் இப்போது அப்படியே நிற்கவில்லை. ஸ்வீடன் நாட்டு ஹில்மா அஃப் கிளிண்ட் என்ற அம்மையார் 1906 முதலே அம்மாதிரியான படங்களை எழுதியிருப்பது பிற்காலத்தில் தெரிய வந்திருக்கிறது. அவரும் ஆவி, ஞானம் என்று பேசினவரே, அதையும் மறைக்கவில்லை. அவர் பேசினதை நாம் ஒப்புக் கொள்ளவில்லை. அவர் கை செய்த வேலையை மறுக்கவும் இல்லை.

தோழர்களே! இனி அந்தச் சுவர்ப் படத்துக்கு வருவோம். "எல்லாம் சரி, அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அடுப்பும் குடும்பமும் அதில் உருவமாய் இல்லை. ஆனால் அடுப்பங்கரையில் குளிருக்கு ஒன்றாய்க் கூடியிருக்கிறபோது நீங்கள் அடுப்பை உற்றுப் பார்த்துக் கொண்டா இருக்கிறீர்கள்? சூடு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம், பேச்சுச் சத்தம் ஒரு பக்கம், எல்லாம் உங்களைச் சூழ்ந்து கொண்டிருக்கிறது. அந்தச் சூழ்ந்திருக்கும் தன்மையைத்தான் வண்ணத்தினால் செய்ய முடியுமா என்று அவர் பார்த்தார். சிலவற்றில் முடிந்தது, சிலவற்றில் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரியவர்கள் புகழ்கிறார்களே என்று தலையாட்டுவதும் மூடநம்பிக்கைதான். விளங்காத காரணத்தினாலேயே கிறுக்கல் என்று தள்ளுவதும் சோம்பேறித்தனம்தான். ஹிட்லர் கூட்டத்தார் செய்தது அந்த இரண்டாவது காரியமே. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஒரு காட்சியில் அவருடைய படங்களும் வந்திருந்தன. நூறு வருஷங்களுக்கு முன்பே நம் தேசத்தில் ஜனங்கள் அவற்றின் முன்னால் நின்று யோசித்திருக்கிறார்கள். நீங்களும் நின்று யோசியுங்கள்.

இன்னும் ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. அந்த வோலொக்டா வீட்டில் அடுப்புக்கும் அலமாரிக்கும் பூ எழுதினது யார்? பெயர் இல்லை. தச்சனோ, ஊர் ஊராய்ப் போய் வண்ணம் பூசுகிறவனோ, அந்த வீட்டுப் பெண்களோ! படத்துக்குள்ளே நுழைந்து விட்டோமென்று ஒரு படித்த மனிதன் வாசலில் திகைத்து நிற்கும்படி செய்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இல்லாத எது காண்டின்ஸ்கியிடம் இருந்தது? அருளா? அல்ல. பள்ளிக்கூடம் இருந்தது, ஓய்வு இருந்தது, தகப்பன் சம்பாதித்த பணம் இருந்தது, உத்தியோகத்தை உதறி விட்டு 30 வயதில் மாணவனாய் உட்காருவதற்கு வேண்டிய சௌகரியம் இருந்தது. அந்தத் துணிவும் உழைப்பும் அவருடையவை. பெருமை முழுவதும் அவருக்கே. ஆனால் பெயர் பெற்றவனுக்கும் பெயரில்லாமற் போனவனுக்கும் நடுவே நின்றது அந்தச் சௌகரியம்தான். அதை அருள் என்றும் பிறவி என்றும் பெயர் மாற்றிச் சொல்லி விட்டால், இல்லாதவன் தன் தலையெழுத்து என்று அடங்கி விடுவான். அந்த வார்த்தையால் ஆதாயம் அடைகிறவர்கள் யாரென்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே அந்தப் பையனைப் பற்றி இந்த வாசகசாலைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவனுக்கு உபதேசம் வேண்டாம். நல்ல காகிதமும், நாலு வண்ணமும், மாலையில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார ஒரு பலகையும் கொடுங்கள். ஓவியப் புத்தகங்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். அவன் பெரிய சித்திரக்காரன் ஆவானா, ஆகமாட்டானா என்பது நமக்குத் தெரியாது. தெரியாத காரியத்தைப் பார்ப்பதற்கு முன்பே கதவைச் சாத்த நாம் யார்?

தம்பி, நீ பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. உங்கப்பன் தொழிலைக் கற்றுக் கொள் என்று ஐயா சொன்னார். அதிலும் ஒரு நன்மை உண்டு. அந்தக் குடியானவன் வீட்டு அடுப்பும் செங்கல்லால் கட்டியதுதான். மண் பிசைகிற கையும், சூளை நெருப்பின் நிறம் பார்த்து வேக்காடு சொல்கிற கண்ணும் உன் வீட்டிலேயே இருக்கின்றன. அந்த நெருப்பை நீ தினமும் பார்க்கிறாய். அதை எழுதிப் பார். ஒரு தரம் வராது. முப்பது தரம் எழுதிப் பார். எழுதினதை முதலில் உன் தாயாருக்குக் காட்டு. காட்டும்போது அவரை அடுப்படியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்காரச் சொல்.

அந்த நோட்டைக் கூட்டம் முடிந்ததும் நமக்கும் காட்ட வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.